சிவப்பு ஹோஸ்ட்களை மொத்தமாக ரெமிடியேட் செய்யலாமா?

கேள்வி இதுதான் (விஸ்பியர் என்பது விர்ச்சுவல் மெஷின்களை, அதாவது விஎம்களை, ஓட்டும் விஎம்வேர் மென்பொருள்; ஹோஸ்ட் என்பது அவை ஓடும் சர்வர், கிளஸ்டர் என்பது ஹோஸ்ட்களின் கூட்டம்; நான்-கம்ப்ளையன்ட் ஹோஸ்ட் திரையில் சிவப்பாகத் தெரியும்): "எங்களுடையது 12 ஹோஸ்ட் உள்ள விஸ்பியர் 8 கிளஸ்டர், 7-இலிருந்து மேம்படுத்தியது. ஹோஸ்ட் ப்ரொஃபைல் செக் ஓட்டினால் ஐந்து ஹோஸ்ட் நான்-கம்ப்ளையன்ட் என்கிறது. லைஃப்சைக்கிள் மேனேஜரில் ஒன்று இன்கம்பேட்டிபிள் என்று நிற்கிறது. அடுத்த மாதம் ஆடிட். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ரெமிடியேட் கொடுத்துவிட்டால் முடிந்துவிடுமா?"

கொடுக்காதீர்கள். அநேகமாக எல்லாம் பச்சையாகிவிடும், அதுதான் பிரச்சினையே. ஹோஸ்ட்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் விசென்டருக்குத் தெரிந்ததெல்லாம் நீங்கள் எழுதிக்கொடுத்ததும் ஹோஸ்டில் இருப்பதும் ஒத்துப்போகவில்லை என்பது மட்டும்தான். தப்பு ஹோஸ்டிலா, எழுதிக்கொடுத்ததிலா என்று அது பார்க்காது. ரெமிடியேட் என்றால் "எழுதியதுதான் சரி, ஹோஸ்டை அதற்கேற்ப மாற்று" என்று நீங்கள் கையெழுத்துப் போடுவதாக அர்த்தம். அதனால் முதல் வேலை ஒவ்வொரு சிவப்பையும் திறந்து, இந்த வித்தியாசத்தில் எந்தப் பக்கம் தப்பு என்று முடிவு செய்வது. ஐந்து ஹோஸ்டுக்கு இது ஒரு மதிய வேலை, பயப்பட ஒன்றுமில்லை.

முதலில் இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள். ஹோஸ்ட் ப்ரொஃபைல் பார்ப்பது செட்டிங்குகளை: நெட்வொர்க், ஸ்டோரேஜ், என்டிபி (கடிகாரத்தை ஒத்திசைப்பது), ஃபயர்வால், சர்வீஸ்கள். லைஃப்சைக்கிள் மேனேஜர் பார்ப்பது ஹோஸ்டில் எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்பதை. ஒன்றில் பச்சையாக இருக்கும் ஹோஸ்ட் இன்னொன்றில் சிவப்பாக இருப்பது சகஜம். ஆடிட்டருக்குக் காட்டும்போதும் இரண்டையும் ஒரே ஷீட்டில் கலக்காதீர்கள்.

ஹோஸ்ட் ப்ரொஃபைலில் தொடங்கலாம். அந்த ப்ரொஃபைலை எந்த ஹோஸ்டிலிருந்து எடுத்தீர்கள் என்று தேடிப்பாருங்கள். பெரும்பாலான இடங்களில் யாரோ ஒருவர் கிளஸ்டரின் முதல் ஹோஸ்டில் எக்ஸ்ட்ராக்ட் கொடுத்து, எதையும் திருத்தாமல் எல்லா ஹோஸ்டுக்கும் அட்டாச் செய்திருப்பார். அண்ணனுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையைத் தம்பிக்குப் போட்டுவிட்டு, உடம்பு சரியில்லை என்று தம்பியைத் திட்டுவது மாதிரி. அந்த ஹோஸ்டுக்கே உரிய விவரங்களும் ப்ரொஃபைலுக்குள் வந்துவிடும்: அதன் உள்வட்டின் அடையாள எண், ஸ்க்ராட்ச் லொகேஷனின் (தற்காலிகக் கோப்புகளும் லாக்கும் இருக்கும் இடம்) பாதை, லாக் எழுதும் டேட்டாஸ்டோரின் (விஎம் கோப்புகள் இருக்கும் சேமிப்பிடம்) பெயர். மற்ற பதினோரு ஹோஸ்டும் இவற்றில் எப்படி ஒத்துப்போகும்? ஐபி முகவரி, ஹோஸ்ட்நேம் மாதிரி ஒவ்வொன்றுக்கும் மாறும் மதிப்புகளை ஹோஸ்ட் கஸ்டமைசேஷனில் கொடுக்க வேண்டும். பழைய ஆட்கள் ஆன்சர் ஃபைல் என்று சொல்வது இதைத்தான். அது நிரப்பப்படாமல் இருந்தாலும் செக் குறை சொல்லும்.

இதில் எல்லோரையும் சுற்றவிடுகிற ஒரு விஷயம் உள்வட்டு. சர்வருக்குள்ளேயே இருக்கும் எஸ்ஏஎஸ் வகை டிஸ்க்கை இஎஸ்எக்ஸ்ஐ (ஹோஸ்டில் ஓடும் விஎம்வேர் மென்பொருள்) தானாகவே "கிளஸ்டர் முழுக்கப் பகிரப்படுவது" என்று குறித்துவைத்துக்கொள்ளும். எஸ்ஏஎஸ் டிஸ்க்கை இரண்டு சர்வர்கள் பகிரவும் முடியும் என்பதால் அது அப்படி நினைக்கிறது. அந்தக் குறியோடு ப்ரொஃபைல் எடுத்தால், முதல் ஹோஸ்டின் பூட் டிஸ்க் மற்ற எல்லா ஹோஸ்டிலும் இருக்க வேண்டும் என்று ப்ரொஃபைல் கேட்கும். சிவப்பு வரியில் ஒரு நீண்ட 'என்ஏஏ' எண் (டிஸ்க்கின் அடையாள எண்) வந்தால் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். ப்ரொஃபைல் எடுத்த ஹோஸ்டில் இஎஸ்எக்ஸ்-சிஎல்ஐ (இஎஸ்எக்ஸ்ஐயின் கட்டளைக் கருவி) வழியாக அந்த டிஸ்க்கின் பகிர்வுக் குறியை ஃபால்ஸ் என்று மாற்றுங்கள், மற்ற ஹோஸ்ட்களிலும் அதையே செய்யுங்கள், அப்புறம் ப்ரொஃபைலைப் புதிதாக எடுங்கள். சான் (ஸ்டோரேஜுக்கான தனி நெட்வொர்க்) வழியாக பூட் ஆகும் ஹோஸ்ட் என்றால் பூட் லன்னுக்கும் (ஸ்டோரேஜ் அதற்கு ஒதுக்கிய டிஸ்க்) இதே வைத்தியம். இந்த மாதிரி சிவப்புகளுக்கு ரெமிடியேட் அடித்துப் பயனில்லை, இல்லாத டிஸ்க்கை அது எங்கிருந்து கொண்டுவரும்? மற்ற ஹோஸ்ட்-சார்ந்த விவரங்களுக்கு ப்ரொஃபைல் எடிட்டரில் அந்த வரிக்கான டிக்கை எடுத்துவிட்டால் போதும். டிக்கை எடுப்பது ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம். கண்காணிக்க வேண்டியதை மட்டும் வைத்திருந்தால்தான் சிவப்புக்கு ஒரு மரியாதை இருக்கும். எப்போதும் சிவப்பாகவே இருக்கும் கிளஸ்டரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இந்தக் குப்பையைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் நிஜமான விலகல், அதில் பழகிய முகங்கள் சில உண்டு. ராத்திரி ஏதோ பிரச்சினைக்காக எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் வழி) திறந்திருப்பார்கள், மூட மறந்திருப்பார்கள். அதைவிட மோசம், எஸ்எஸ்ஹெச் திறந்திருக்கிறது என்ற மஞ்சள் எச்சரிக்கை தொந்தரவாக இருக்கிறதென்று எச்சரிக்கையையே மறைக்கும் அட்வான்ஸ்ட் செட்டிங்கை 1 என்று வைத்திருப்பார்கள். அந்த 1-ஐப் பார்த்தால் யாரோ தெரிந்தே செய்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தது என்டிபி. முகவரி சரியாக இருக்கும், சர்வீஸும் ஓடும், ஆனால் ஸ்டார்ட்அப் பாலிசி "கையால் தொடங்கு" என்றிருக்கும். அடுத்த ரீபூட்டில் சர்வீஸ் எழாது, கடிகாரம் மெல்ல விலகும், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் ஒத்துக்கொள்ளாமல் ஆக்டிவ் டைரக்டரி லாகின் தோற்கும், அப்போது எல்லோரும் பாஸ்வேர்டைத் தேடிக்கொண்டிருப்பார்கள். இந்தியாவில் இருக்கும் டேட்டா சென்டர் என்றால் இன்னொன்று: செர்ட்-இன் (இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவுப்படி நேரத்தை என்ஐசி (தேசியத் தகவலியல் மையம்) அல்லது என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) சர்வரோடு, இல்லையென்றால் அவற்றோடு ஒத்திசைந்த சர்வரோடு இணைக்க வேண்டும், லாக் 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஹோஸ்டின் சிஸ்லாக் (லாக் வரிகள்) வெளியே ஒரு சர்வருக்குப் போகாமல், ஸ்க்ராட்ச்சும் ரேம்டிஸ்க்கில், அதாவது மெமரியில் மட்டும், இருந்தால், ரீபூட் ஆனவுடன் லாக் காலி. ஆடிட்டர் கேட்கும் முதல் சில கேள்விகளில் இது நிச்சயம் வரும்.

எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) விஷயத்தில் மட்டும் செக்கை நம்பி உட்காராதீர்கள். விமோஷனுக்கோ (ஓடும் விஎம்மை வேறு ஹோஸ்டுக்கு நகர்த்துவது) ஐஸ்கசிக்கோ (நெட்வொர்க் வழியாக ஸ்டோரேஜ்) 9000 என்று வைத்திருக்கிறீர்கள், ப்ரொஃபைலும் 9000 என்கிறது, ஹோஸ்டும் 9000 என்கிறது, பச்சை. ஆனால் மேலே இருக்கும் ஃபிசிக்கல் ஸ்விட்ச்சின் ஒரு போர்ட் மட்டும் 1500-இல் இருந்தால் விசென்டருக்கு அது தெரியவே தெரியாது. ஹோஸ்டுக்குள் போய் விஎம்கே-பிங்கை (இஎஸ்எக்ஸ்ஐயின் பிங் கட்டளை), பாக்கெட்டைத் துண்டாக்காதே என்ற ஆப்ஷனோடு, 8972 பைட் அளவில் அடித்துப் பாருங்கள். ஏன் 9000 இல்லை என்றால், ஐபி ஹெடருக்கு 20, பிங் பயன்படுத்தும் ஐசிஎம்பி ஹெடருக்கு 8 போக மிஞ்சுவது அதுதான். விமோஷனுக்குத் தனி டிசிபி/ஐபி ஸ்டாக் வைத்திருந்தால் அந்த ஸ்டாக்கின் பெயரையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பிங் தப்பான வழியில் போய் உங்களைக் குழப்பும். சாதாரண பிங் போகிறது, 8972 போகவில்லை என்றால் நெட்வொர்க் டீமுக்கு டிக்கெட் போடுங்கள், ஹோஸ்டைத் தொடாதீர்கள்.

ஸ்டாண்டர்ட் ஸ்விட்ச் (ஒவ்வொரு ஹோஸ்டிலும் தனித்தனியாக அமைக்கும் விர்ச்சுவல் ஸ்விட்ச்) பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. போர்ட் க்ரூப் (விஎம்கள் இணையும் நெட்வொர்க்) பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் இருந்தால்கூட விசென்டருக்கு அவை இரண்டு வேறு நெட்வொர்க். ஒரே வீலானாக (ஸ்விட்ச்சில் எண் கொடுத்துப் பிரித்த நெட்வொர்க்) இருந்தாலும் விஎம் அந்த ஹோஸ்டுக்கு நகராது.

ப்ரொஃபைல் சொல்வதை ஒரு பக்கம் வைத்துவிட்டு பவர்சிஎல்ஐயில் (விஎம்வேரின் ஸ்கிரிப்ட் கருவி) ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, எல்லா ஹோஸ்டின் பில்ட் எண், என்டிபி சர்வர், எஸ்எஸ்ஹெச் பாலிசி, சிஸ்லாக் முகவரி, ஒவ்வொரு விஎம்கே-யின் (ஹோஸ்டின் சொந்த நெட்வொர்க் இணைப்பு) எம்டியு, டேட்டாஸ்டோர் எண்ணிக்கை, போர்ட் க்ரூப் பெயர்கள் எல்லாவற்றையும் ஒரு சிஎஸ்வியில் கொட்டுங்கள். எக்செல்லில் வரிசைப்படுத்தினால் கூட்டத்தில் சேராத ஹோஸ்ட் தானாகவே துருத்திக்கொண்டு நிற்கும். பதினொன்றில் 24 டேட்டாஸ்டோரும் ஒன்றில் 23-ம் இருந்தால் அங்கே ஸோனிங்கோ லன் மாஸ்க்கிங்கோ (எந்த ஹோஸ்டுக்கு எந்த ஸ்டோரேஜ் தெரியும் என்ற அமைப்பு) விட்டுப்போயிருக்கிறது. இந்த ஷீட் எனக்கு எந்தக் கம்ப்ளையன்ஸ் திரையையும்விட அதிகம் உதவியிருக்கிறது. ஒரே ஒரு குறை, பன்னிரண்டும் சேர்ந்து தப்பாக இருந்தால் இதில் தெரியாது. அதற்கு விஎம்வேர் வெளியிடும் செக்யூரிட்டி கான்ஃபிகரேஷன் கைடை எடுத்து ஒரு வரி ஒரு வரியாக ஒப்பிட்டுத்தான் ஆக வேண்டும்.

இப்போது அந்த இன்கம்பேட்டிபிள் ஹோஸ்ட். அது நான்-கம்ப்ளையன்ட்டைவிட மோசமான நிலை என்று பலர் பதறுகிறார்கள். பெரும்பாலும் காரணம் தலைகீழ்: அந்த ஹோஸ்டில் இருப்பது நீங்கள் கிளஸ்டருக்கு எழுதிய இமேஜைவிட (எல்லா ஹோஸ்டிலும் இருக்க வேண்டிய மென்பொருள், பதிப்புகளின் வரையறை) புதியது. புதிதாக வாங்கிய சர்வராகவோ, மதர்போர்டு மாற்றிய பிறகு வென்டரின் புதிய ஐஎஸ்ஓவில் மறுபடி இன்ஸ்டால் செய்ததாகவோ இருக்கும். லைஃப்சைக்கிள் மேனேஜர் ஹோஸ்டைக் கீழ்ப்பதிப்புக்கு இறக்காது, அதனால் "இதை என்னால் ஒத்துப்போகச் செய்ய முடியாது" என்று கைவிரிக்கிறது. காரணத்தைத் திறந்து படியுங்கள், பதிப்புதான் பிரச்சினை என்றால் இமேஜை அந்தப் பதிப்புக்கு ஏற்றுவதுதான் சுலபமான வழி. மற்ற பதினொன்றும் அப்போது சிவப்பாகும், ஆகட்டும், அவைதானே உண்மையில் பின்தங்கியவை. அவசரம் என்றால் அந்த ஒரு ஹோஸ்டை மட்டும் பழைய பதிப்பில் மறுபடி இன்ஸ்டால் செய்யலாம், ஆனால் எனக்கு அது பின்னோக்கி நடப்பது மாதிரிதான் படுகிறது.

ரெமிடியேட் கொடுக்கும் முன் இந்தத் திரையில் கட்டாயம் படிக்க வேண்டியது, "ஹோஸ்டில் உள்ள இந்த விஐபிகள் இமேஜில் இல்லை, நீக்கப்படும்" என்ற எச்சரிக்கை. விஐபி (VIB) என்பது இஎஸ்எக்ஸ்ஐயில் இன்ஸ்டால் செய்யும் மென்பொருள் தொகுப்பு. பழைய பேஸ்லைன் முறையில் (போட வேண்டிய பேட்ச்களின் பட்டியலை மட்டும் வைத்து) பேட்ச் போட்டால் கூடுதலாக இருந்த விஐபி தன் பாட்டுக்கு இருக்கும். இமேஜ் முறையில் அப்படியில்லை, இமேஜில் எழுதாதது ஹோஸ்டில் இருக்கக் கூடாது. ஸ்டோரேஜுக்குப் பல வழிகளைக் கையாளும் மல்டிபாத்திங் பிளக்-இன், பேக்கப் மென்பொருளின் ஃபில்டர், ஹார்டுவேர் கண்காணிப்பு ஏஜென்ட் என்று யாரோ எப்போதோ கையால் போட்டவை எல்லாம் ஒரே ரீபூட்டில் காணாமல் போகும். தேவையானதை முதலில் இமேஜில் காம்பொனன்டாகச் சேருங்கள். ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: ஒரு கிளஸ்டரை பேஸ்லைனிலிருந்து இமேஜுக்கு மாற்றிவிட்டால் அதே கிளஸ்டரைத் திரும்ப பேஸ்லைனுக்குக் கொண்டுவர முடியாது.

இதே இடத்தில் இன்னொரு விஷயம், இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. எந்த வென்டருடையது, யார் போட்டது என்று டீமில் ஒருவருக்கும் தெரியாத விஐபி ஒன்று ஒரு ஹோஸ்டில் மட்டும் இருந்தால் அதை விலகல் என்று நினைத்து நீக்கிவிடாதீர்கள். 2022 செப்டம்பரில் மாண்டியன்ட் நிறுவனம் வெளியிட்ட ஆய்வில், இஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்ட்களில் விஐபி வடிவில் பின்கதவு வைத்திருந்ததைக் காட்டினார்கள். விர்ச்சுவல்பிட்டா, விர்ச்சுவல்பை என்று அவற்றுக்குப் பெயர். வைத்தவர்கள் ஏற்கெனவே அட்மின் உரிமையைக் கைப்பற்றியிருந்தவர்கள், ஃபோர்ஸ் ஆப்ஷன் கொடுத்து இன்ஸ்டால் செய்திருந்தார்கள். அந்தக் கோப்பின் விவரத்தில் 'பார்ட்னர் சப்போர்ட்டட்' (விஎம்வேரின் கூட்டாளி நிறுவனம் தந்தது) என்று பொய்யாக எழுதியிருந்தார்கள், அதனால் பட்டியலில் பார்த்தால் நல்ல பிள்ளையாகத் தெரியும். பட்டியலைப் பார்ப்பதோடு நிற்காமல் இஎஸ்எக்ஸ்-சிஎல்ஐயில் விஐபி சிக்னேச்சர் வெரிஃபை கட்டளையையும் ஓட்டுங்கள், கையெழுத்து போலி என்றால் அதில் மாட்டிக்கொள்ளும். அப்படி ஒன்று மாட்டினால் ரெமிடியேட்டும் வேண்டாம், ரீபூட்டும் வேண்டாம், மெமரியில் இருக்கும் தடயம் போய்விடும். உடனே செக்யூரிட்டி டீமைக் கூப்பிடுங்கள்.

லைஃப்சைக்கிள் மேனேஜர் பச்சை என்று சொல்லும் ஹோஸ்ட்களையும் ஒரு பார்வை பாருங்கள். அங்கே பச்சை என்றால் நீங்கள் எழுதிய இமேஜோடு ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். அந்த இமேஜே பழையதாக இருந்தால்? 2025 மார்ச் 4-இல் வந்த விஎம்வேர் பாதுகாப்பு அறிவிப்பில், விஎம்முக்குள்ளிருந்து ஹோஸ்டுக்குள் தப்பிக்க வழிவிடும் சிவிஇ-2025-22224 (ஓட்டைக்கான பதிவு எண்) உள்பட மூன்று ஓட்டைகள் இருந்தன, அவை ஏற்கெனவே தாக்குதலில் பயன்படுத்தப்பட்டுக்கொண்டிருந்தன. அதற்கு முந்தைய பில்டில் உங்கள் இமேஜ் நின்றால் பன்னிரண்டும் பச்சையாகக் காட்டி பன்னிரண்டும் திறந்துகிடக்கும். இன்னொரு வலை, விஎம்வேரை வாங்கிய பிராட்காம் 2025 ஏப்ரலில் பேட்ச் பதிவிறக்க முகவரிகளை மாற்றி, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி டோக்கன் வேண்டும் என்று ஆக்கியது. அதை மாற்றாத விசென்டரில் டெப்போ சிங்க் (பேட்ச் விவரங்களை இறக்கிக்கொள்வது) சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டிருக்கும், புதிய பேட்ச் வந்ததே அதற்குத் தெரியாது. கடைசியாக எப்போது சிங்க் வெற்றியாக முடிந்தது என்று இன்றைக்கே பாருங்கள்.

பயாஸ் செட்டிங்கும் இப்படித்தான், ஹோஸ்ட் ப்ரொஃபைல் அந்தப் பக்கமே போகாது. ஒரு ஹோஸ்டில் மட்டும் விஎம்கள் மந்தமாக ஓடுகின்றன என்ற புகார் இருந்தால் பவர் ப்ரொஃபைல் மற்றவற்றோடு ஒத்திருக்கிறதா என்று ஐடிராக்கிலோ ஐஎல்ஓவிலோ (டெல், ஹெச்பிஇ சர்வர்களைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் கன்சோல்) போய்ப் பாருங்கள். ஃபர்ம்வேரையும் இமேஜோடு சேர்த்துக் கண்காணிக்க டெல், ஹெச்பிஇ, லெனோவோ போன்றவர்கள் ஹார்டுவேர் சப்போர்ட் மேனேஜர் என்று ஒரு பிளக்-இன் தருகிறார்கள், அது இல்லாமல் லைஃப்சைக்கிள் மேனேஜர் ஃபர்ம்வேரைத் தொடாது.

சரி, எது நிஜம் எது குப்பை என்று தெரிந்துவிட்டது, இப்போது சரிசெய்யலாம். ஒரு ஹோஸ்ட், ஒரே ஒரு ஹோஸ்டில் தொடங்குங்கள். முதலில் ப்ரீ-செக். எஸ்எஸ்ஹெச் மூடுவது, என்டிபி மாற்றுவது போன்றவற்றுக்கு ரீபூட் தேவையில்லை, அவற்றைக் கையாலேயோ ஸ்கிரிப்ட்டிலேயோ பகலிலேயே முடித்துவிடலாம், அதற்காக முழு ப்ரொஃபைலையும் ரெமிடியேட் செய்ய வேண்டியதில்லை. நெட்வொர்க் மாறும் வேலை என்றால் தொடங்கும் முன் ஐடிராக் கன்சோலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கஸ்டமைசேஷனில் மேனேஜ்மென்ட் ஐபியோ வீலானோ ஒரு எண் தப்பினால் ஹோஸ்ட் விசென்டரிலிருந்து கழன்றுவிடும், அப்போது கன்சோல் மட்டும்தான் துணை.

விஎம்களை வேறு ஹோஸ்டுக்கு நகர்த்தி ஹோஸ்டைக் காலி செய்யும் மெயின்டனன்ஸ் மோடில்தான் பாதி நேரம் போகும். கொஞ்ச தூரம் ஏறி அப்படியே நிற்கும். காரணம் அநேகமாக, யாரோ ஒரு விஎம்மில் லோக்கல் டேட்டாஸ்டோரில் இருக்கும் ஐஎஸ்ஓவை மாட்டி விட்டிருப்பார்கள், அல்லது விஎம்மே லோக்கல் டிஸ்க்கில் இருக்கும். "இந்த விஎம் இந்த ஹோஸ்டில்தான் ஓட வேண்டும்" என்ற டிஆர்எஸ் (விஎம்களை ஹோஸ்ட்களுக்குப் பங்கிடும் வசதி) விதி, பாஸ்த்ரூவில் பிசிஐ கார்டை நேரடியாகக் கொடுத்த விஎம், டிஆர்எஸ் மேனுவலில் இருப்பது, ஹெச்ஏ (ஹோஸ்ட் செத்தால் விஎம்மை வேறிடத்தில் எழுப்பும் வசதி) அட்மிஷன் கன்ட்ரோல் இடம் இல்லை என்பது, இவையும் வழக்கமான காரணங்கள். இதையெல்லாம் முதல் நாளே தேடிக் கழற்றி வையுங்கள், ராத்திரி இரண்டு மணிக்குத் தேடாதீர்கள்.

விசான் (ஹோஸ்ட்களின் உள்வட்டுகளைச் சேர்த்துப் பொது ஸ்டோரேஜாக்குவது) கிளஸ்டர் என்றால் கணக்கு மாறும். மெயின்டனன்ஸ் மோடுக்கு வழக்கமாகத் தேர்வு செய்வது 'என்ஷ்யூர் ஆக்ஸசிபிலிட்டி' (தரவு கிடைத்தால் போதும், எல்லாப் பிரதிகளும் வேண்டாம் என்பது). அப்போது சில ஆப்ஜெக்ட்கள் பிரதி குறைந்த நிலையில் இருக்கும், அந்த நேரத்தில் இன்னொரு ஹோஸ்டில் டிஸ்க் போனால் ஆபத்து. ஹோஸ்ட் திரும்பி வர 60 நிமிடத்துக்கு மேல் ஆனால் விசான் காணாமல் போன பிரதிகளை வேறு இடத்தில் கட்டத் தொடங்கிவிடும், அதுதான் இயல்பான அளவு. ஃபர்ம்வேரும் சேர்த்து ஏற்றினால், அதுவும் மெமரி அதிகமுள்ள சர்வர் என்றால், ஒரு மணி நேரம் சர்வ சாதாரணமாகத் தாண்டும். வேலை நேரத்துக்கு மட்டும் அந்த டைமரை உயர்த்திக்கொள்ளுங்கள், முடிந்ததும் பழையபடி வையுங்கள். ஒரு ஹோஸ்ட் திரும்பி வந்து ரீசிங்க் (பிரதிகளை மறுபடி சரிக்கட்டும் வேலை) பூஜ்யம் ஆகும்வரை அடுத்ததைத் தொடாதீர்கள்.

முதல் ஹோஸ்ட் முடிந்து மெயின்டனன்ஸிலிருந்து வெளியே வந்ததும் முக்கியமில்லாத இரண்டு விஎம்களை அதற்கு விமோஷன் செய்யுங்கள், எல்லா டேட்டாஸ்டோர் பாத்தும் ஆக்டிவா, 8972 பிங் போகிறதா, சிஸ்லாக் சர்வரில் அதன் வரி வந்து விழுகிறதா பாருங்கள். ஒரு நாள் ஓடவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். பல ஹோஸ்டை ஒரே நேரத்தில் ரெமிடியேட் செய்யும் வசதி இருக்கிறது, ஆனால் 12 ஹோஸ்ட் கிளஸ்டரில் அதனால் மிச்சமாகும் நேரத்துக்காக அந்த ரிஸ்க் எடுக்க மாட்டேன்.

மறுபடி விலகாமல் இருக்க வேண்டுமானால் செக்கை தினசரி ஷெட்யூலில் போடுங்கள். புதிதாக ஒரு ஹோஸ்ட் சிவப்பானால் விசென்டர் ஈவன்ட்டில் அந்த நேரத்தில் யார் உள்ளே இருந்தார்கள் என்று அன்றைக்கே பார்த்துவிடலாம், மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் யாருக்கும் நினைவிருக்காது. எல்லோரும் ரூட் கணக்கில் நுழைந்தால் இதுவும் வீண், ஹோஸ்டில் நேரடியாக நுழைவதைத் தடுக்கும் லாக்டவுன் மோடை இயக்குங்கள். 8-இல் இருப்பதால் கான்ஃபிகரேஷன் ப்ரொஃபைல்ஸையும் பரிசீலிக்கலாம். கிளஸ்டர் முழுமைக்கும் ஒரே ஜேசன் கோப்பு, ஹோஸ்டுக்கே உரியது மட்டும் தனிப் பகுதியில் எழுதப்படும். உங்கள் கிளஸ்டர் இமேஜ் முறையில் இருந்தால் தடையில்லை, ஆனால் இயக்கியபின் அந்தக் கிளஸ்டரில் பழைய ஹோஸ்ட் ப்ரொஃபைல் செல்லாது. ஆடிட் முடியட்டும், அப்புறம் மாற்றுங்கள்.

ஆடிட்டுக்குள் எல்லாவற்றையும் பச்சையாக்க முடியாமல் போகலாம். பழைய ஸ்டோரேஜுக்காக ஒரு டிரைவரை ஏற்ற முடியாமல் இருக்கும், ஒரு அப்ளிகேஷன் டீம் டவுன்டைம் தராமல் இழுத்தடிக்கும். அந்த ஹோஸ்ட், அந்த வரி, காரணம், யார் ஒப்புக்கொண்டது, எந்தத் தேதிக்குள் சரியாகும் என்று எழுதி மேலாளரின் ஒப்புதலோடு வைத்திருங்கள். காரணம் எழுதிய சிவப்பை ஆடிட்டர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். நேற்று ராத்திரி ஒரே நேரத்தில் பன்னிரண்டும் பச்சையானதாக டாஸ்க் லாக்கில் இருந்தால்தான் கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள்.

நீங்கள் இன்றே செய்யக்கூடியது: டெப்போ சிங்க் தேதி, அந்த இன்கம்பேட்டிபிள் ஹோஸ்டின் பில்ட் எண், ஐந்து சிவப்பிலும் வரும் வரிகள், இந்த மூன்றையும் எடுத்து இங்கே போடுங்கள். ஐபியையும் ஹோஸ்ட் பெயரையும் அழித்துவிட்டுப் போடுங்கள்.